விபத்துக்குப் பின் வரும் இடுப்பு மூட்டுத் தேய்மானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். பைக்கிலிருந்து விழுந்தவர்கள், பனை, தென்னையிலிருந்து விழுந்தவர்கள், சாரம் சரிந்து விழுந்த கொத்தனார்கள் என இடுப்பு மூட்டில் அடிபட்ட பலர் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் 25 முதல் 45 வயதுக்காரர்கள். அடிபட்ட எலும்பு கூடி, வேலைக்குத் திரும்பி, நான்கைந்து வருடம் கழித்து மறுபடி நொண்டத் தொடங்கியபின் வருகிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். அறுவை சிகிச்சை குறித்த முடிவை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போகும்போது என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

டாக்டர் 'இடுப்பு மூட்டு' தேய்ந்துவிட்டது என்கிறார். எனக்கு இடுப்பு வலிக்கவே இல்லையே?

இந்தக் குழப்பம் நம் பேச்சிலிருந்தே வருகிறது. இடுப்பு என்றால் நமக்கு வேட்டியோ புடவையோ கட்டும் இடம். இடுப்பு வலி என்றால் முதுகின் அடிப்பகுதி. மூட்டு வலி என்று சொன்னால் கை முழங்காலுக்குப் போகும். மருத்துவர் சொல்லும் இடுப்பு மூட்டு இந்த இரண்டுமே இல்லை. தொடை எலும்பின் உச்சியில் பந்து போல ஒரு தலை இருக்கிறது. அது இடுப்புக்கூட்டில் உள்ள ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும் இடம்தான் இடுப்பு மூட்டு. தொடையும் அடிவயிறும் சேரும் கவட்டைக்கு நேர் பின்னால், ஆழத்தில் இருப்பதால் கையால் தொட்டுக் காட்ட முடியாது.

அதனால் இதன் வலி கவட்டையில் தெரியும், தொடையின் முன்பக்கம் இறங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். இரண்டு மூட்டுகளுக்கும் போகும் நரம்புகளில் சில பொதுவானவை என்பதால் இப்படி. முழங்காலுக்கு மூன்று முறை எக்ஸ்ரே எடுத்து, 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு வருடம் தைலம் தேய்த்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பழைய விபத்தைப் பற்றி அவர்களை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆகவே வலி எங்கே இருந்தாலும், முன்பு இடுப்புப் பக்கம் பலமாக அடிபட்டிருந்தால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

எலும்புதான் நன்றாகக் கூடிவிட்டது என்றார்களே. பிறகு ஏன் தேய்கிறது?

எலும்பு கூடும். அதன்மேல் பூசியதுபோல் இருக்கும் குருத்தெலும்பு (ஜவ்வு என்று பலர் சொல்வது) பழையபடி வளராது. வெறும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான படலம் அது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் சுரக்கும் திரவத்திலிருந்துதான் அது உயிர் வாழ்கிறது. ரத்தம் வராத இடத்தில் காயம் ஆறுவது கடினம். நரம்பில்லாததால் அது தேயும்போது நமக்குத் தெரிவதும் இல்லை. வலி தொடங்கும்போது அடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சுற்றிய சவ்வும் பாதிக்கப்பட்டிருக்கும்.

விபத்துக்குப் பின் இது மூன்று வழிகளில் கெடுகிறது. மோதிய வேகத்திலேயே குருத்தெலும்பின் செல்கள் பல செத்துப்போகின்றன. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகத் தெரிந்தாலும் இது நடந்திருக்கலாம். அடுத்தது, உடைந்த கிண்ணம் கூடும்போது சிறு படிக்கட்டு போல மேடுபள்ளம் நின்றுவிடுவது. 2 மில்லிமீட்டருக்கு மேல் மேடு இருந்தால் ஒவ்வொரு அடியிலும் பந்து அதே இடத்தில் உரசும். கல் தடுக்கும் செக்கு எப்படி ஓடும், அப்படித்தான்.

மூன்றாவது வழி இன்னும் மோசமானது: பந்துக்குப் போகும் ரத்தம் நின்றுபோவது. தொடை எலும்பின் கழுத்தை (பந்துக்குக் கீழே குறுகிய பகுதி) ஒட்டி மேலேறும் மெல்லிய குழாய்களே பந்துக்குப் பெரும்பகுதி ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. கழுத்து முறிந்தாலோ, பந்து கிண்ணத்தை விட்டு நழுவினாலோ அவை அறுந்தோ முறுக்கிக்கொண்டோ போகும். பந்து உள்ளுக்குள் செத்து, மாதங்கள் கழித்து நசுங்கும். மருத்துவர்கள் ஏவிஎன் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

எனக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயமில்லை. இடம் மாறி உடைந்த கிண்ண எலும்புக்கு அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றிப் பல நாடுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குத் தேய்மானம் வந்திருக்கிறது. எலும்பை 2 மில்லிமீட்டருக்குள் பொருத்த முடிந்தவர்களில் கடுமையான தேய்மானம் 13 சதவீதம். அவ்வளவு சரியாகப் பொருத்த முடியாதவர்களில் 44 சதவீதம். முதல் அறுவை எவ்வளவு துல்லியமாக அமைந்தது என்பதற்கு இவ்வளவு விலை இருக்கிறது.

கிண்ண எலும்பு முறிவுகளை 10 வகையாகப் பிரித்து, எந்த வகைக்கு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று 1960-களில் வழிகாட்டியவர்கள் பிரான்ஸின் ராபர்ட் ஜூடேயும் எமில் லெதூர்னலும். அதற்கு முன் பலரையும் கயிறு கட்டி எடை தொங்கவிட்டுப் படுக்கவைத்ததோடு சரி. இன்றும் உங்கள் மருத்துவர் பேசுவது அவர்களுடைய வகைப்பாட்டைத்தான். இது எல்லா எலும்பு மருத்துவர்களும் தினமும் செய்யும் அறுவை இல்லை. 'இதில் பழக்கமுள்ளவர் யார்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

எத்தனை வருடம் கழித்து வரும்?

பந்து ரத்தமில்லாமல் சாவது பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள் தெரிந்துவிடும், சிலருக்குத் தாமதமாகலாம். மேடுபள்ளத்தால் வரும் தேய்மானம் ஒரு வருடத்திலும் வரலாம், பதினைந்து வருடம் கழித்தும் வரலாம். அதனால் வலி இல்லாவிட்டாலும் முதல் இரண்டு வருடம் மருத்துவர் சொன்ன நாட்களில் எக்ஸ்ரேக்குப் போய்விடுங்கள்.

அடிபட்ட அன்றே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் நிறைய. காரில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டில் மோதினால் தொடை எலும்பு பின்னால் தள்ளப்பட்டு பந்து கிண்ணத்தைவிட்டு நழுவும். பைக்கில் பெட்ரோல் டேங்கில் மோதுபவர்களுக்கும் இடுப்புக்கூடு அடிவாங்கும். கால் குட்டையாகத் தெரியும், உள்பக்கம் திரும்பி மடங்கியிருக்கும், நேராக்க முடியாது. இப்படி நழுவிய மூட்டை 6 மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளிவிட வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பந்து சாகும் ஆபத்து கூடுகிறது.

இங்கேதான் கட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூங்கில் பத்தையும் முட்டைவெள்ளையும் வைத்துக் கட்டும் கட்டின்மீது நம் ஊர்களில் பெரிய நம்பிக்கை உண்டு. கை எலும்பில் சாதாரண விரிசல் வந்தால் எந்தக் கட்டிலும் கூடிவிடும், அந்த நம்பிக்கை அங்கிருந்து வந்தது. ஆனால் இடுப்பு மூட்டைச் சுற்றி ஒரு கையகலத் தடிமனுக்குத் தசை. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே கிண்ணத்தை அது பிடிக்காது. நழுவிய மூட்டோடு கட்டுப்போட்டு ஆறு வாரம் படுத்திருந்துவிட்டு வந்த இளைஞனைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் சாதாரணமாக உள்ளே தள்ளவே முடியாது. கிண்ணம் உடைந்திருந்தாலும் முதல் 2, 3 வாரங்களுக்குள் அறுவை நடந்தால்தான் துண்டுகளைச் சரியாகப் பொருத்த முடியும். அதற்குமேல் புது எலும்பு படிந்து இடைவெளியை மூடிவிடும்.

108-க்கு அழையுங்கள். காலை இழுத்து நேராக்க முயலாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசு செலவில் கிடைக்கும். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. பணத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

மூட்டின் உள்சுழற்சிதான், அதாவது காலை உள்பக்கம் திருப்புவதுதான், முதலில் குறையும். அன்றாடத்தில் மூட்டின் இறுக்கம் இப்படித் தெரியும்: கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை. பேன்ட் போட கட்டிலில் உட்கார வேண்டியிருக்கிறது. சம்மணம் போட்டால் ஒரு முழங்கால் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடி கால் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. 'பழைய அடி, குளிருக்கு வலிக்கும்' என்று விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் தாமதிக்காதீர்கள். அறுவை நடந்த இடத்தில் வலியோடு காய்ச்சல், வீக்கம், கசிவு இருந்தால் அன்றே போங்கள், அது தேய்மானம் இல்லாமல் சீழாக இருக்கலாம்.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

நின்ற நிலையில் இரண்டு இடுப்பும் தெரியும் எக்ஸ்ரேதான் அடிப்படை. நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி குறைந்திருப்பது தெரியும். பந்து சாகத் தொடங்கியிருப்பது எக்ஸ்ரேயில் முதலில் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். 'உள்ளே பிளேட் இருக்கிறது, எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது' என்று பலர் பயப்படுகிறார்கள். எலும்பில் வைக்கும் பிளேட்டுகளோடு பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் உலோகத்தைச் சுற்றிப் படம் மங்கும், டைட்டானியத்தைவிட எவர்சில்வர் வகை பிளேட்டில் அதிகம் மங்கும். எந்த உலோகம் என்று ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும். அது உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஆபரேஷன் குறிப்பிலும் இருக்கும். அந்தக் காகிதங்களைத் தயவுசெய்து தூக்கிப்போடாதீர்கள். செல்போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

உடற்பயிற்சியால் தேய்ந்தது திரும்பி வருமா?

வராது. ஆனால் மூட்டின்மேல் விழும் சுமையைக் குறைக்கலாம், வலியும் அதோடு குறையும்.

ஒரு காலில் நிற்கும்போது உடம்பின் எடை மூட்டுக்கு உள்பக்கம் விழுகிறது. சாய்ந்து விடாமலிருக்க, வெளிப்பக்கத்தில் பிட்டத்தின் மேலுள்ள தசை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தராசின் முள்ளைப் போல நடுவில் மாட்டிக்கொண்ட மூட்டு இரண்டு சுமையையும் தாங்குகிறது. சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு அதன்மேல் இறங்குகிறது. அப்படியென்றால் 5 கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் சுமார் 12 முதல் 15 கிலோ குறையும்.

ஊன்றுகோலின் ரகசியமும் இதுதான். அதை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு கெட்டிருந்தால் கோல் இடது கையில். கிட்டத்தட்ட எல்லோரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஊன்றினால் அந்தத் தசை இழுக்க வேண்டிய அளவு குறைந்து மூட்டு லேசாகிறது. 'கோல் பிடித்தால் ஊர் என்ன சொல்லும்' என்று முப்பது வயதுக்காரர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் கோலோடு நேராக நடப்பவரைவிட, கோலில்லாமல் சாய்ந்து சாய்ந்து நடப்பவரைத்தான் ஊர் அதிகம் பார்க்கும். அந்தச் சாய்வு முதுகையும் கெடுக்கும்.

பயிற்சியில், நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்கி நிறுத்துவது, மல்லாந்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தை உயர்த்துவது, இந்த இரண்டையும் தினமும் செய்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டு நாளில் எதிர்பார்க்காதீர்கள், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நகராத சைக்கிள் நல்லது. தண்ணீரில் நடப்பதும் நீந்துவதும் இன்னும் நல்லது. கிணற்றுக்குள் குதிப்பது, ஓடுவது, எடையோடு குத்தவைத்து எழுவது வேண்டாம். பயிற்சி முடிந்து லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலைவரை அது நீடித்தால் அளவைக் குறையுங்கள்.

வலி மாத்திரையை எவ்வளவு நாள் போடலாம்?

வலி கூடியிருக்கும் நாட்களுக்கு, மருத்துவர் சொல்லும் அளவில். மெடிக்கலில் 'மூட்டு வலிக்கு ரெண்டு குடுங்க' என்று வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரையோ இதய நோயோ இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாராசிட்டமால் பாதுகாப்பானது, ஆனால் இந்த வலிக்கு அதன் பலன் குறைவு. தினமும் குடிப்பவர்களுக்கு அதுவும் ஈரலுக்கு ஆபத்து.

மூட்டுக்குள் ஊசி போட்டால் அறுவையைத் தவிர்க்கலாமா?

தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை வலியைக் குறைக்கும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே போட வேண்டும். இந்த ஊசிக்கு இன்னொரு பயனும் உண்டு: போட்டதும் வலி மறைந்தால் வலி முதுகிலிருந்து வரவில்லை, மூட்டிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகும். மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி குறித்திருந்தால் அதற்கு முந்தைய 3 மாதங்களில் இந்த ஊசி கூடாது, சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

முழங்காலுக்குப் போடும் ஜெல் ஊசி இடுப்பு மூட்டில் பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பிஆர்பி (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடும் ஊசி), ஸ்டெம்செல் என்று பெரிய தொகை கேட்டால், தேய்ந்த குருத்தெலும்பை அவை திரும்ப வளர்க்கும் என்பதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நாட்டு மருந்துப் பொடி சாப்பிடலாமா?

வெளியே எண்ணெய் தடவுவதில் கெடுதல் இல்லை, வெதுவெதுப்பு சுகமாகத்தான் இருக்கும். பெயர், உட்பொருள் எதுவும் அச்சிடாத பொடியை மட்டும் சாப்பிடாதீர்கள். மூட்டு வலிக்கென்று விற்கும் இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அந்த ஸ்டீராய்டுதான் இடுப்புப் பந்தைச் சாகடிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மது இன்னொன்று. 'இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது' என்றால் சந்தேகப்படுங்கள்.

எனக்கு 32 வயதுதான். 'இப்போதே மூட்டு மாற்ற வேண்டாம், பொறுத்துக்கொள்' என்கிறார்கள். எவ்வளவு காலம் பொறுப்பது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களின் முகத்தில் இருக்கும் களைப்பை மறக்க முடிவதில்லை.

பொறுக்கச் சொல்வதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. செயற்கை மூட்டும் தேயும். இளம் வயதில் வைத்தால் வாழ்நாளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும், இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம். ஆனால் '50 வயது ஆகட்டும்' என்று வயதை மட்டும் வைத்துச் சொல்வது பழைய கணக்கு. வலியால் வேலையை விட்டு, தூக்கமில்லாமல், தசைகள் சூம்பிப்போய், நல்ல வயதின் இருபது வருடத்தை நாற்காலியில் கழிப்பதும் இழப்புதான். கூடவே மூட்டு இறுகி, எலும்பு மேலும் நசுங்கி, பிறகு செய்யும் அறுவையின் பலனும் குறைகிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான்: ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி, எடைக் குறைப்பு, ஊன்றுகோல், அளவான மருந்து எல்லாம் பார்த்தாயிற்றா? எக்ஸ்ரேயில் இடைவெளி போய்விட்டதா? இரவில் வலி எழுப்புகிறதா? குடும்பத்தைக் காப்பாற்றும் வேலையைச் செய்ய முடிகிறதா? முதல் மூன்றுக்கும் 'ஆம்', கடைசிக்கு 'இல்லை' என்றால் வயது ஒரு தடையாக இருக்கக் கூடாது. எக்ஸ்ரே கெட்டிருந்தும் வலி சமாளிக்கும்படி இருந்தால் அவசரப்பட வேண்டாம். அறுவை எக்ஸ்ரேவுக்கு அல்ல, உங்களுக்கு.

அமெரிக்காவின் போ ஜாக்சன் கதையை நான் அடிக்கடி சொல்வேன். ஒரே காலத்தில் பேஸ்பாலிலும் அமெரிக்கக் கால்பந்திலும் நட்சத்திரமாக இருந்தவர். 1991 ஜனவரி 13-ல், 28 வயதில், கால்பந்து ஆட்டத்தில் பிடித்து வீழ்த்தப்பட்டபோது இடுப்பு மூட்டு விலகியது. ரத்த ஓட்டம் கெட்டுப் பந்து செத்தது. 1992-ல் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார். 1993-ல் பேஸ்பாலுக்குத் திரும்பி, முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் போல) அடித்தார். கால்பந்துக்கு மட்டும் திரும்பவே இல்லை. அவர் அளவுக்கு மூட்டை வருத்தச் சொல்லி யாரும் அறிவுரை தர மாட்டார்கள். இளம் வயதில் மூட்டு மாற்றினால் வாழ்க்கை முடிந்துவிடாது என்பதைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

மாற்றாமல் மூட்டைக் காப்பாற்றும் அறுவை உண்டா?

சரியான நேரத்தில் வந்தால் உண்டு. பந்து சாகத் தொடங்கி இன்னும் நசுங்காத நிலையில், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைப்பார்கள். நசுங்கிய பிறகு அதனால் பெரிய பயனில்லை. எலும்பை வெட்டிக் கோணத்தை மாற்றி, தேயாத பகுதியைச் சுமைக்குக் கொண்டுவரும் முறை சிலருக்குப் பொருந்தும். மூட்டை அசையாமல் இணைத்துவிடும் பழைய முறையை இன்று மிக அரிதாகவே செய்கிறார்கள். வலி போகும், ஆனால் உட்காருவது சிரமம், முதுகும் முழங்காலும் பின்னால் அதற்கு விலை கொடுக்கும்.

ஏற்கெனவே பிளேட்டும் ஸ்க்ரூவும் இருக்கின்றன. மூட்டு மாற்று எனக்குக் கடினமா?

வயதானவருக்குச் செய்யும் சாதாரண மூட்டு மாற்றைவிடக் கடினம்தான். முன்பே வெட்டித் தைத்த இடத்தில் தழும்புத் திசு கெட்டித்திருக்கும், அதற்குள் காலுக்குப் போகும் பெரிய நரம்பு சிக்கியிருக்கலாம். அது காயப்பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். கிண்ணத்தில் எலும்பு குறைந்திருந்தால், வெட்டியெடுத்த உங்கள் பந்திலிருந்தே எலும்பு எடுத்து நிரப்புவார்கள். பிளேட் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. புதுக் கிண்ணத்துக்கு இடைஞ்சலாக இருப்பதை மட்டும் எடுப்பதுண்டு. சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடும். அதைத் தடுக்க அறுவையை ஒட்டி இண்டோமெதாசின் மாத்திரையோ ஒருமுறை கதிர்வீச்சோ தருவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய அறுவையின் கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறதா என்பது. இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் செய்து, சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து நீர் எடுத்தும் பார்ப்பார்கள். சீழ் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் மூட்டு. விபத்து நேரத்தில் காயம் ஆறத் தாமதமாகியிருந்தாலோ, சில மாதம் கசிந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் எடுத்துத் திட்டமிட்டே இறங்குவார்கள். 'இப்படி விபத்துக்குப் பிந்தைய மூட்டு எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

செயற்கை மூட்டு எத்தனை வருடம் வரும்? எது நல்லது?

இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-ல் இன்றைய முறைக்கு அடித்தளமிட்டார்: உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம், எலும்பு சிமென்ட். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பெரிய ஆய்வின்படி இடுப்பு மூட்டு மாற்றுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன. அதில் பெரும்பாலோர் வயதானவர்கள், அடிபடாத மூட்டுக்காரர்கள். விபத்துக்குப் பின் வைப்பவர்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

இளையவர்களுக்கு இப்போது பெரும்பாலும் சிமென்ட் இல்லாத வகை, செராமிக் பந்து, தேய்மானம் குறைந்த பாலிஎத்திலீன் கிண்ணம். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை, துகள்கள் உடம்பில் கலந்ததால் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. அந்த வகையைச் சேர்ந்த ஏஎஸ்ஆர் என்ற பெயரில் விற்ற மூட்டு 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. உங்களுக்கு வைத்த மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்து மாற்ற வேண்டிவந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அறுவைக்குப் பின் சம்மணம் போடலாமா? இந்தியன் டாய்லெட்?

பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவைப்போம். எலும்பு வைத்து நிரப்பியிருந்தால் சில வாரம் அந்தக் காலில் முழு எடை போடக் கூடாது. பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் முதல் 6 முதல் 12 வாரம் மூன்று விஷயங்கள் கூடாது: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, காலை உள்பக்கம் திருப்புவது. இவை சேர்ந்தால் மூட்டு நழுவும். தாழ்ந்த சோபாவில் உட்காருவது, கீழே விழுந்த செருப்பைக் குனிந்து எடுப்பது, படுக்கையில் போர்வையை எட்டி இழுப்பது என வீட்டில் நடக்கும் தவறுகள் இவை.

டிஸ்சார்ஜுக்கு முன்பே வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாற்ற வசதியில்லாதவர்கள் நடுவில் ஓட்டையுள்ள நாற்காலியை இந்தியன் டாய்லெட்டின் மேலே வைத்துக்கொள்ளலாம், மருந்துக் கடைகளில் கிடைக்கும். கட்டில் உயரமாக இருக்கட்டும். குத்தவைப்பதும் தரையில் உட்காருவதும் உங்கள் மூட்டைப் பொறுத்தது. சிலருக்குப் பின்னால் அனுமதிப்பார்கள், அடிபட்ட கிண்ணம் உள்ளவர்களுக்கு நான் ஊக்குவிப்பதில்லை. பந்தியில் மேசை கேட்டு உட்காருவதில் எந்த வெட்கமும் இல்லை.

கெண்டைக்காலில் திடீரென வீக்கமும் வலியும் வந்தால், மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தடுக்கத்தான் மாத்திரை தருகிறார்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

கால் குட்டையாகவே இருக்குமா?

நசுங்கிய மூட்டால் வந்த குறைவைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். நரம்பு இழுபடும் என்பதால் அதிகமாக நீட்ட மாட்டார்கள். முதல் சில மாதம் நீண்டதுபோல் தோன்றுவது இறுகிய தசைகளால், அது பழகிவிடும். சிறு வித்தியாசத்துக்குச் செருப்பில் உயரம் வைத்தால் போதும்.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இடுப்பு மூட்டு மாற்றும் அதில் அடங்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்கிறார்கள். 2017-ல் மத்திய அரசு விலை வரம்பு கொண்டுவந்தது முழங்கால் மூட்டுக்குத்தான். இடுப்பு மூட்டுக்கும் அது பொருந்தும் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

சாலை விபத்து என்றால் இழப்பீட்டு வழக்கில் எதிர்கால மருத்துவச் செலவையும் கேட்கலாம். 'பின்னாளில் மூட்டு மாற்று தேவைப்படலாம்' என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பது அங்கே மிக முக்கியம். வழக்கு முடிந்தபின் வரும் தேய்மானத்துக்குக் கேட்பது மிகச் சிரமம். 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடந்துவிட்டிருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்டுப் பாருங்கள். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் அரசின் பல சலுகைகள் திறக்கும்.

தாம்பத்தியம், குழந்தை?

இதை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, மனதில் எல்லோருக்கும் இருக்கிறது. பொதுவாக 6 வாரத்துக்குப் பின், மேலே சொன்ன மூன்று அசைவுகளையும் தவிர்த்துத் தொடங்கலாம். எந்த நிலை பாதுகாப்பானது என்று பிசியோவிடம் தயங்காமல் கேளுங்கள். செயற்கை மூட்டோடு கருத்தரிக்கலாம், சுகப்பிரசவமும் முடியும். இடுப்புக்கூடே உடைந்திருந்தவர்கள் மகப்பேறு மருத்துவரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்.

மறுபடி பைக் ஓட்டலாமா?

கார் பொதுவாக 6 வாரத்துக்குப் பின். பைக்குக்கு நான் 3 மாதமாவது காத்திருக்கச் சொல்வேன், உங்கள் மருத்துவர் இன்னும் கூட்டலாம். ஓட்டுவதைவிட ஏறுவதில்தான் ஆபத்து. வலது இடுப்பு மாற்றியிருந்தால் சீட்டின் மேல் காலை வீசி ஏறும்போது மூட்டு எக்கச்சக்கமாக விரியும். கால் வைக்கும் இடம் திறந்திருக்கும் ஸ்கூட்டர் பாதுகாப்பானது. கியர் பைக் வேண்டுமென்றால் ஓடாத வண்டியில் உட்கார்ந்து சோதியுங்கள்: வலது காலால் பிரேக்கைச் சட்டென்று பத்து முறை மிதிக்க முடிகிறதா? சிக்னலில் நிற்பதுபோல் அந்தக் காலை ஊன்றி வண்டியின் எடையைத் தாங்க முடிகிறதா? இரண்டும் வலியில்லாமல் முடிந்தால் முதல் இரண்டு வாரம் தெருவுக்குள் மட்டும் ஓட்டுங்கள், பின்னால் யாரையும் ஏற்றாமல்.